ஜெர்மனியில் ஒரு செமஸ்டர்: பெட்டி கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

'டியூஷன் ஃபீஸ் கிடையாது, ஒரு செமஸ்டர்தானே, போயிட்டு வந்துடலாம்.' மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஜெர்மனிக்குப் போகக் கிளம்புபவர்கள் வீட்டில் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். பரிமாற்ற மாணவர்களிடம் அங்குள்ள பல்கலைக்கழகம் பொதுவாகக் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை என்பது உண்மை. ஆனால், பலரும் மாட்டிக்கொள்வது வேறு இடங்களில்.

எவ்வளவு பணம் காட்ட வேண்டும்?

விசாவுக்கு, வாழ்க்கைச் செலவுக்குப் பணம் இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டும். 2024 செப்டம்பர் முதல் இந்தத் தொகை மாதத்துக்கு 992 யூரோ. ஓராண்டுக்கு 11,904 யூரோ. உதவித்தொகை இல்லாதவர்கள் இதை முடக்கக் கணக்கு ஒன்றில் முன்கூட்டியே போட வேண்டும். அங்கே போன பிறகு மாதத் தவணையாகத்தான் எடுக்க முடியும். இங்கேதான் ஒரு சிக்கல்: முதல் மாதத்திலேயே வாடகை, முன்பணம், காப்பீடு எல்லாம் சேர்ந்து வரும். வீட்டு முன்பணம் மட்டுமே மூன்று மாத அடிப்படை வாடகை வரை கேட்கச் சட்டத்தில் இடம் உண்டு. எனவே, முடக்கக் கணக்குக்கு வெளியேயும் கையில் பணம் தேவை.

வீடு ஏன் முதல் பரீட்சை?

குடியேறிய இரண்டு வாரங்களுக்குள் முகவரியை உள்ளாட்சி அலுவலகத்தில் பதிய வேண்டும். அதற்கு வீட்டு உரிமையாளர் எழுதித் தரும் சான்று தேவை. அந்தப் பதிவு இல்லாவிட்டால் தங்கும் அனுமதி உட்பட அடுத்தடுத்த வேலைகள் நிற்கும். இந்த அவசரத்தைத்தான் மோசடிக்காரர்கள் பயன்படுத்துகிறார்கள். 'ஊர்ல இல்லை, பணம் அனுப்புங்க, சாவியை கொரியர்ல அனுப்பறேன்' என்று யாராவது சொன்னால், அங்கேயே நிறுத்திவிட வேண்டும். மாணவர் விடுதிக்கு, தேர்வான கையோடு விண்ணப்பிப்பதே பாதுகாப்பு.

மதிப்பெண் தலைகீழா?

ஆமாம். ஜெர்மனியில் 1.0 தான் உச்சம், 4.0 வரை தேர்ச்சி; 5.0 என்றால் தோல்வி. நம்மூர் 10 புள்ளி முறைக்குப் பழகிய ஒருவர் 1.3 என்பதைப் பார்த்தால் 'இவ்வளவு கம்மியா?' என்று கேட்கக்கூடும். உண்மையில் அது மிக நல்ல மதிப்பெண். அதை எப்படி மாற்றுவார்கள், எந்தப் பாடத்துக்கு எது ஈடு என்பதைத் துறைத் தலைவரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டே கிளம்ப வேண்டும். அங்கே முழு செமஸ்டர் என்பது 30 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்று கணக்கு. போன பிறகு பாடத்தை மாற்றினால், ஒப்பந்தத்தையும் திருத்தி இரு தரப்பிலும் ஒப்புதல் வாங்க வேண்டும். வாய்மொழியாக 'பார்த்துக்கலாம்' என்று விட்டால், திரும்பி வந்து அதே பாடத்தை மறுபடி எழுத நேரிடலாம்.

காலண்டர் எங்கே மோதுகிறது?

அங்கே குளிர்கால செமஸ்டர் அக்டோபர் முதல் மார்ச் வரை. கோடை செமஸ்டர் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. பிப்ரவரியில் அங்கே தேர்வு நடக்கும்போது, இங்கே அடுத்த செமஸ்டர் வகுப்புகள் ஓடிக்கொண்டிருக்கும். மூன்றாம் ஆண்டில் கோடை செமஸ்டர் போகிறவருக்கு, வளாக நேர்காணல் தொடங்கும் நேரமும் இடிக்கலாம். ஆகவே தேர்வு எந்த வாரம், அதை முன்னதாக எழுத வழி உண்டா என்பதை இரு பக்கமும் கேட்டுக்கொள்வது நல்லது.

அன்றாடத்தில் என்ன வித்தியாசம்?

ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமையே அரிசி, பால் வாங்கிவிட வேண்டும். இரவு 10 மணிக்கு மேல் சத்தம் போட்டால் பக்கத்து வீட்டார் புகார் செய்வார்கள். கால அட்டவணையில் சி.டி. என்று போட்டிருந்தால் வகுப்பு 15 நிமிடம் தாமதமாகத் தொடங்கும், எஸ்.டி. என்றால் சரியாக அந்த நேரத்துக்கே. பேராசிரியரிடம் நேரடியாக மறுத்துப் பேசுவது அங்கே மரியாதைக் குறைவு அல்ல. செமினாரில் வாயே திறக்காமல் இருப்பதுதான் குறையாகப் பார்க்கப்படும்.

திரும்பும்போது?

முகவரிப் பதிவை நீக்காமல் விமானம் ஏறக் கூடாது. வானொலி, தொலைக்காட்சிக்காக வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ கட்டணம் உண்டு. கணக்கை முடிக்காவிட்டால் பில் தொடரும். மதிப்பெண் சான்று வரச் சில வாரங்கள் ஆகலாம் என்பதால், அது யாருக்கு, எந்த முகவரிக்கு வரும் என்பதையும் உறுதி செய்ய வேண்டும். ஆறு மாத அனுபவம் மனதில் எப்படியும் தங்கும். டிகிரியில் சேர வேண்டும் என்றால் அந்த ஒரு தாள் கைக்கு வந்தாக வேண்டும்.