வரைபடம் படிக்க ஏஜென்ட் வந்துவிட்டால் லேப் எதற்கு?

சேலத்திலிருந்து திருச்செங்கோடு வரை உள்ள பொறியியல் கல்லூரிகளில் இப்போது ஒரு பேச்சு அடிபடுகிறது. பாக்கெட் டிரேசர், ஜிஎன்எஸ்3 போன்ற சிமுலேஷன் மென்பொருளில் மாணவர் வரைந்த நெட்வொர்க்கை ஏஐ ஏஜென்ட்டே படித்து, தவறைச் சொல்லி, திருத்தியும் கொடுத்துவிடுமாம். ஆகவே நெட்வொர்க் லேப்பில் மணிக்கணக்கில் உட்கார வேண்டியதில்லையாம். கருவி இருப்பது உண்மைதான். அதைக் காட்டி லேப் வேண்டாம் என்பதுதான் பொருந்தவில்லை.

‘படத்தைப் பார்த்ததும் புரிந்துகொள்ளும்’ என்பது முதல் வாதம். இத்தகைய கருவிகள் பெரும்பாலும் படத்தைப் பார்ப்பதில்லை, கோப்பைப் படிக்கின்றன. ஜிஎன்எஸ்3 தன் புராஜெக்டை ஜேசன் வடிவில் வைக்கிறது. எந்த ரூட்டர் எந்த ஸ்விட்ச்சோடு எந்த போர்ட்டில் இணைகிறது என்பது அதில் அப்பட்டமாக இருக்கும். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால், இத்தகைய கோப்பை ஏஐயிடம் சேர்ப்பதைச் சுலபமாக்கியது. ஆனால் இணைப்பு என்பது கேபிள் மட்டுமே. எந்தத் தரவு போகலாம், எது போகக் கூடாது என்பது ஒவ்வொரு ரூட்டர், ஸ்விட்ச்சின் கான்ஃபிகரேஷனில் இருக்கிறது.

‘அதையும் படித்துப் பிழையைப் பிடித்துவிடும்’ என்பார்கள். இரண்டு ஸ்விட்ச், நடுவே பல விலேன்களை (தனித்தனியாகப் பிரித்த மெய்நிகர் நெட்வொர்க்குகளை) ஒரே கேபிளில் சுமக்கும் ஒரு டிரங்க் என்று வைத்துக்கொள்வோம். அலுவலகத்துக்கு விலேன் 10, லேப்புக்கு விலேன் 20. டிரங்கில் 10-க்கு ஏற்கெனவே அனுமதி உண்டு. 20-ஐயும் சேர்க்க நினைத்த மாணவர் ‘ஸ்விட்ச்போர்ட் டிரங்க் அலவ்ட் விலேன் 20’ என்று அடிக்கிறார். எண்ணுக்கு முன் வர வேண்டிய ‘ஆட்’ விட்டுப்போய்விட்டது. 10 பட்டியலிலிருந்து போய், 20 மட்டும் மிஞ்சுகிறது. திரையில் எல்லா இணைப்பிலும் பச்சை முக்கோணம்தான். அலுவலகக் கணினியின் பிங் மட்டும் மறுபக்கம் போகவில்லை.

ஏஜென்ட்டுக்குக் கிடைப்பது ‘20-க்கு மட்டும் அனுமதி’ என்ற ஒரு வரி. அது இலக்கணப் பிழையில்லாத வரி. அலுவலகத்தை வேண்டுமென்றே பிரித்தார்களா, கை தவறியதா என்பது கோப்பில் இல்லை. ஏஜென்ட் ஊகிக்கும், ஊகத்தையும் அடித்துச் சொல்லும். கான்ஃபிகரேஷனை முறைப்படி அலசும் பேட்ஃபிஷ் போன்ற திறந்தமூலக் கருவிகள் பத்தாண்டுகளாக இருக்கின்றன. யார் யாரோடு பேசலாம் என்பதை அவற்றுக்கும் மனிதர்தான் சொல்ல வேண்டும்.

‘சிமுலேஷனில் ஓடினால் களத்திலும் ஓடும்’ என்பது மூன்றாவது. நாமக்கல் கோழிப்பண்ணை ஒன்றில் கடைசி ஷெட்டுக்குக் கேமரா வைக்கிறீர்கள். தாமிர ஈத்தர்நெட் கேபிளுக்கு வரம்பு 100 மீட்டர். பாக்கெட் டிரேசரின் லாஜிக்கல் வியூவில் இழுக்கும் கோட்டுக்கு நீளமே கிடையாது. சரியாகக் கிரிம்ப் ஆகாத ஆர்ஜே45-உம், சாலையோரம் ஜேசிபி அறுத்த ஃபைபரும் அந்தக் கோப்பில் வராது. 12,525 ஊராட்சிகளுக்கு இணையம் கொண்டுசெல்லும் தமிழ்நாடு ஃபைபர்நெட் போன்ற திட்டங்களில் வேலைக்குப் போகிறவருக்கு அன்றாடத் தலைவலி இவைதான்.

‘தானியங்கிச் சோதனை இருந்தால் தவறே நடக்காது’ என்பவர்கள் 2021 அக்டோபர் 4-ஐ நினைத்துப் பார்க்கலாம். பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை, ஃபேஸ்புக்கின் தரவு மையங்களை இணைக்கும் நெட்வொர்க்கையே துண்டித்தது. வாட்ஸப், இன்ஸ்டாகிராம் உட்பட எல்லாம் சுமார் 6 மணி நேரம் முடங்கின. இத்தகைய கட்டளையைத் தடுக்கவென்றே ஒரு தணிக்கைக் கருவி இருந்தது. அதிலேயே பிழை இருந்ததால் தடுக்கவில்லை என்று நிறுவனமே விளக்கியது. கடைசியில் பொறியாளர்கள் நேரில் போய்த்தான் சரிசெய்தார்கள்.

ஏஜென்ட்டே வேண்டாம் என்பதல்ல என் கட்சி. நாற்பது ரூட்டர் உள்ள புராஜெக்டில் ஒரே ஐபி முகவரி இரண்டு இடத்தில் இருக்கிறதா என்று தேட, சப்நெட் அட்டவணை போட, ரெக்கார்டு நோட்டுக்கு விளக்கம் எழுத அது நன்றாகவே உதவும். அதற்கேற்ப லேப்பை மாற்றலாம். எந்தத் துறை எதோடு பேசலாம் என்பதை மாணவர் முதலில் எழுதித் தரட்டும். பிறகு ஏஜென்ட் படிக்கட்டும். செய்முறைத் தேர்வில், வேண்டுமென்றே கெடுத்த ஒரு கோப்பையும் ஏஜென்ட் அதைப் பற்றிச் சொன்ன பதிலையும் சேர்த்துக் கொடுங்கள். அந்தப் பதில் சரியா தவறா என்று பிங், டிரேஸ்ரூட் போட்டு நிரூபிப்பவருக்கே மதிப்பெண். அப்படிப்பட்ட தேர்வுக்கு, இப்போது இருப்பதைவிடக் கூடுதல் லேப் நேரம்தான் தேவைப்படும்.