கிளை நூலகத்துக்கும் ஒரு வரைபடம் வேண்டும்

ஆசிரியருக்கு,



சென்னை கோட்டூர்புரத்தில் 2010-இல் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் 2023 ஜூலை 15-இல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் என இரண்டு பெரும் நூலகங்கள் எழுந்துவிட்டன. கோவைக்கும் திருச்சிக்கும் அறிவிப்பு வந்திருக்கிறது. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளால் அந்தக் கூடங்கள் நிரம்பி வழிவதே அவற்றின் தேவையைச் சொல்லும். அவற்றை வேண்டாமென்று சொல்பவர் யாருமில்லை. கண்டிக்க வேண்டியது வேறொன்று: அந்த மாளிகைகளுக்குக் கிடைக்கிற அக்கறை, சாதாரண வாசகர் நடந்து போய்ச் சேர்கிற கிளை நூலகத்துக்குக் கிடைப்பதில்லை.

பொது நூலகத் துறையின்கீழ் 4,600-க்கும் மேற்பட்ட நூலகங்கள் இயங்குகின்றன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை கிளை நூலகங்கள், ஊர்ப்புற நூலகங்கள், பகுதி நேர நூலகங்கள். பல இன்னும் வாடகைக் கட்டடத்தில் இருக்கின்றன. சொந்தக் கட்டடம் வாய்க்கிற ஊர்களிலும் பெரும்பாலும் ஒரே அச்சுதான்: தட்டையான கான்கிரீட் கூரை, பெயருக்கு இரண்டு ஜன்னல், சுவரை அடைத்து நிற்கும் இரும்பு அலமாரி. மதியம் இரண்டு மணிக்கு அந்தக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து படிக்க முடியாது. பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. சக்கர நாற்காலியில் வருகிறவர் வாசற்படியோடு திரும்ப வேண்டியதுதான். ராமநாதபுரத்து வெயிலுக்கும் நாகையின் உப்புக்காற்றுக்கும் ஊட்டியின் குளிருக்கும் ஒரே வரைபடம் எப்படிப் பொருந்தும்?

கட்டடத்தை மட்டும் கட்டிவிட்டுப் போனால் என்ன ஆகும் என்பதையும் தமிழ்நாடு ஒருமுறை பார்த்துவிட்டது. 2006-இல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகம் கட்டினார்கள். 12,600-க்கும் அதிகமான ஊராட்சிகளை எட்டிய பெரிய முயற்சி அது. ஆனால் அவை பொது நூலகத் துறையிடம் சேரவில்லை. முழுநேர நூலகரும் நியமிக்கப்படவில்லை. எத்தனையோ ஊர்களில் பூட்டு துருப்பிடித்துத் தொங்கியது. உள்ளே இருந்த புத்தகங்களைக் கரையான் படித்து முடித்தது.

இப்போது 'பசுமைக் கட்டடம்' என்ற பேச்சு பரவலாகியிருக்கிறது. அண்ணா நூற்றாண்டு நூலகம் அதற்கான லீட் தங்கச் சான்று பெற்றது பெருமைதான். அந்தப் பசுமை ஏன் தலைநகரத்தோடு நிற்க வேண்டும்? குறைந்த செலவில் குளிர்ச்சியான நூலகம் கட்டும் வித்தை பக்கத்திலேயே இருக்கிறது. திருவனந்தபுரத்தில் லாரி பேக்கர் வடிவமைத்த வளர்ச்சி ஆய்வு மையத்தின் நூலகம், செங்கல்லால் எழுந்த வட்டக் கோபுரம். அந்த வளாகத்தின் துளையிட்ட செங்கல் சுவர்கள் வெளிச்சத்தையும் காற்றையும் உள்ளே விட்டு வெயிலை வெளியே நிறுத்துகின்றன. செங்கல்லைக் குத்தாக நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும், அவர் கையாண்ட முறையில் செங்கல் செலவு ஏறக்குறைய கால்பங்கு குறையும். சூடும் எளிதில் உள்ளே இறங்காது.

வெளிநாடுகளிலும் முன்மாதிரிகள் உண்டு. இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் 2016-இல் திறந்த பீமா சிறுநூலகத்தின் பரப்பு வெறும் 160 சதுர மீட்டர். பயன்படுத்தி முடித்த ஐஸ்கிரீம் வாளிகள் ஏறக்குறைய இரண்டாயிரத்தை அடுக்கி அதன் வெளிச்சுவரை அமைத்தார்கள். குளிர்சாதனம் இல்லாமலே வெளிச்சமும் காற்றும் உள்ளே வருகின்றன. தைபேயின் பெய்டோ நூலகம் மரத்தால் ஆனது. கூரையில் சூரியத் தகடுகள். அங்கே சேரும் மழைநீர் செடிகளுக்கும் கழிப்பறைக்கும் போகிறது. நமக்கோ வெயிலுக்கும் பஞ்சமில்லை, ஐப்பசி மழைக்கும் குறைவில்லை.

குளிர்சாதனம் வைத்தால் புத்தகம் பிழைக்கும் என்பதும் அரைகுறை நம்பிக்கை. பகலில் ஓட்டி இரவில் நிறுத்தினால் ஈரப்பதம் ஏறி இறங்கும். பூஞ்சை பிடிக்க அதுவே போதும். மேற்கு வெயிலைப் பார்த்துக் கண்ணாடிச் சுவர் எழுப்பிவிட்டு, அந்தச் சூட்டை வெளியேற்ற மாதாமாதம் மின்கட்டணம் கட்டுவது மக்கள் பணத்தை வீணடிப்பது.

பணக்கார நகரங்களே பராமரிப்பில் தடுக்கி விழுகின்றன. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரம் ஏறக்குறைய 19 கோடி பவுண்டு செலவிட்டு 2013-இல் மாபெரும் நூலகத்தைத் திறந்தது. இரண்டே ஆண்டில், வாரத்துக்கு 73 மணி நேரம் திறந்திருந்த கதவு 40 மணி நேரமாகச் சுருங்கியது. நம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தையும் 2011-இல் மருத்துவமனையாக மாற்ற அறிவிப்பு வந்தது. வாசகர்கள் எதிர்த்தார்கள், உயர் நீதிமன்றம் தடை விதித்தது, நூலகம் பிழைத்தது. பிறகு பராமரிப்புக்காகவும் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது.

பணமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1948-இல் சென்னை மாகாணம் இயற்றிய பொது நூலகச் சட்டத்தின்படி மக்கள் நூலக வரி செலுத்துகிறார்கள். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்து காசு சேர்த்து வசூலாகிறது. அதை உள்ளாட்சி அமைப்புகள் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு உரிய காலத்தில் தராமல் நிலுவை வைப்பது தொடர்கதை. வரி கட்டியவர் புழுக்கத்தில் உட்கார்ந்திருக்க, அவர் கட்டிய பணம் வேறு கணக்கில் கிடப்பது அநியாயம்.

சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன், நூலகத்தை வளர்ந்துகொண்டே இருக்கிற உயிராகப் பார்த்தார். மன்னார்குடி பக்கத்து மேலவாசலில் 1931-இல் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். வாசகர் எங்கே இருக்கிறார் என்று முதலில் யோசித்த மாநிலம் இது.

ஆகவே அரசுக்கு நான்கு கோரிக்கைகள். கடலோரம், சமவெளி, மலை என்று தட்பவெப்பத்துக்கு ஏற்பக் கிளை நூலகங்களுக்குத் தனித்தனி மாதிரி வரைபடம் வேண்டும். வெள்ளம் ஏறாத அடித்தளமும், சாய்தளமும், கழிப்பறையும், பின்னாளில் விரிவாக்க இடமும் அதில் கட்டாயமாக வேண்டும். அடிக்கல் நாட்டும் முன் அந்த வரைபடத்தை நூலக அறிவிப்புப் பலகையில் ஒட்டி, வாசகர் வட்டத்தின் கருத்தைக் கேட்க வேண்டும். நூலகர் பணியிடத்துக்கும் பராமரிப்புக்கும் நிதி ஒதுக்காமல் எந்தக் கட்டடத்தையும் திறக்கக் கூடாது. ஒவ்வொரு உள்ளாட்சியும் வைத்திருக்கும் நூலக வரி நிலுவையை ஆண்டுதோறும் பொதுவில் வெளியிட வேண்டும்.

வாசகர் வட்ட நண்பர்கள் இவற்றைத் தத்தம் ஊர்க் கிராம சபையிலும் நகர்மன்றத்திலும் எழுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கிளை நூலக வாசகர் ஒருவர்,
திருவாரூர் மாவட்டம்.