ரெட் ஜோன்: வித்தை காட்டினா குத்தமா?

பழைய வீடியோ கேம் பத்திப் பேசுற மகாஜனங்ககிட்ட 'ரெட் ஜோன்'னு வாயெடுத்தா போதும். "அதெல்லாம் கேமே இல்ல பாஸ், வெறும் டெக் டெமோ"ன்னு உதட்டைப் பிதுக்குறாங்க. இந்த ஜல்லிக்கு இன்னிக்கு ஒரு முடிவு கட்டிடலாம்.

தெரியாதவங்களுக்கு: 1994-ல் செகா மெகா டிரைவுக்கு வந்த ஹெலிகாப்டர் சண்டை விளையாட்டு. செஞ்சது சைரிங்ஸ்ங்கிற டென்மார்க் கோஷ்டி, அமிகா டெமோ சீன்ல வித்தை காட்டிட்டிருந்த பசங்க. இசை யெஸ்பர் கிட் (பின்னாடி 'ஹிட்மேன்'க்கு இசை போட்ட அதே ஆள்தான்).

மெகா டிரைவ்ல இருக்கிறது 7.67 மெகாஹெர்ட்ஸ் 68000 சிப்பு, 64 கிலோபைட் ராம். சூப்பர் நின்டெண்டோவுல பின்னணியைச் சுழட்ட 'மோட் 7' வன்பொருள்லயே உண்டு. இங்கே கிடையாது. டைல் அடுக்கத் தெரியும், நகர்த்தத் தெரியும், திருப்பத் தெரியாது. அப்போ நிலப்பரப்பையே திருப்பணும்னா புள்ளி புள்ளியா சிப்பு உக்காந்து கணக்குப் போடணும். அதை ரெண்டு ஃபிரேமுக்கு நடுவுல கிடைக்கிற துளி இடைவெளியில வீடியோ மெமரிக்குத் தள்ளணும். ஒரு தடவைக்கு 7 கிலோபைட் சொச்சம் போனா பெரிய விஷயம். அதே வருஷம் செகாவே 'வர்ச்சுவா ரேசிங்' விட்டப்போ கார்ட்ரிட்ஜுக்குள்ள தனி சிப்பு சொருகித்தான் விட்டாங்க. இவங்க எதையும் சொருகலை.

நம்ம ஆபீஸ்ல ஒரு பட்டியல் ஸ்குரோல் ஆகத் திணறினா "சர்வர்ல ராம் கூட்டிடலாம்"னு மீட்டிங் போடுறோம். இந்த அழகுல அடுத்தவனைப் பார்த்து 'வெறும் டெக்னிக்'காம்!

சரி, விளையாட்டு எங்கேன்னு கேக்குறீங்களா? 1992-ல் வந்த 'டெசர்ட் ஸ்டிரைக்'ல நிலம் திரும்பாது, ஹெலிகாப்டர் படம்தான் திரும்பும். மூக்கு நம்ம பக்கம் வந்துட்டா இடது எது வலது எதுன்னு தலை சுத்தும். ரெட் ஜோன்ல மூக்கு எப்பவும் மேல் பக்கம், உலகம் சுத்தும். குறி வைக்கிறது, தப்பிக்கிறது எல்லாமே அதை வெச்சுத்தான். அந்தச் சுழற்சியைப் பிடுங்கிட்டா ஆட்டமே இல்ல. அப்புறம் எப்படிங்க அது வெறும் அலங்காரம்?

கறுப்பு வெள்ளை வீடியோ இழுவை, ஒத்துக்கறேன். கட்டடத்துக்குள்ள நடந்து போய் சுடுற கட்டங்கள் கொஞ்சம் மொக்கை. கஷ்டமும் ஓவர்.

டெக் டெமோன்னு சொல்றவங்க முதல் மிஷனை முடிச்சுட்டு வாங்க. பின்னூட்டத்துல வெச்சுக்கலாம்.