ஒரு சிலிண்டர் ஓய்ந்தால்

சென்ற கோடை விடுமுறையில் நம் நண்பர் ஒருவர் மனைவி மக்களுடன் காரில் கொடைக்கானலுக்குப் புறப்பட்டார். வத்தலக்குண்டு வரை வண்டி குறையின்றி ஓடிற்று. மலைச்சாலையில் ஏறத் தொடங்கியதும் எஞ்சின் குலுங்கிற்று, இழுவை குன்றிற்று, ஓட்டுபவர் முன்னேயுள்ள மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னலாயிற்று. “ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்வோம்” என்று அவர் தொடர்ந்து ஓட்டினார். ஊர் திரும்பியபோது, சில ஆயிரம் ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய பழுது பல பத்தாயிரமாக வளர்ந்திருந்தது. மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கென ஒதுக்கிய பணம் அதில் கரைந்தது. அவரை நாம் குறைகூற முன்வரவில்லை. அந்த விளக்கு என்ன சொல்லிற்று என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளைக் கொளுத்துவது ஸ்பார்க் பிளக்கின் பொறியாகும். பாட்டரி தருவதோ 12 வோல்ட் மட்டுமே. பிளக்கின் முனைகளுக்கிடையே பொறி தாவுவதற்குப் பல்லாயிரம் வோல்ட் வேண்டும். மின்னழுத்தத்தை அவ்வளவு உயர்த்தும் கருவியே இக்னிஷன் காயில். பழைய அம்பாசடர் காரில் நான்கு சிலிண்டர்களுக்கும் ஒரே காயில் இருந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் அதைப் பங்கிட்டு அளித்தது. காண்டாக்ட் பாயிண்டைத் தேய்த்துச் சரிசெய்து மீண்டும் புறப்பட்ட அனுபவம் மூத்தவர்கள் பலருக்கு உண்டு. இன்றைய பெட்ரோல் கார்கள் பலவற்றில் ஒவ்வொரு பிளக்கின் தலைமீதும் தனித்தனிக் காயில் அமர்ந்திருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டரும் இல்லை; நீண்ட கம்பிகளும் இல்லை. ஆதலால் ஒரு காயில் கெட்டாலும் மற்ற சிலிண்டர்கள் வண்டியை இழுத்துச் செல்லும். நம்மை ஏமாற்றுவதும் இதுவே.

மேட்டில் ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் மிகுகிறது. பொறி தாவ மேலும் அதிக வோல்ட் தேவைப்படுகிறது. நலிந்த காயில் அப்போதுதான் கைவிடுகிறது. இதனையே மெக்கானிக்குகள் ‘மிஸ்ஸிங்’ என்பர். எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியே சென்று, கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் என்னும் புகைத் தூய்மிப்பானில் எரிகிறது. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் பூசப்பெற்ற அதன் பீங்கான் கூடு, அவ்வெப்பத்தால் உருகிவிடக்கூடும். நண்பரின் பணத்தை விழுங்கியது இதுவே. எஞ்சின் விளக்கு நிலையாக எரிந்தால் விரைவில் பட்டறைக்குச் செல்க. விட்டுவிட்டு மின்னினால் வேகத்தைக் குறைத்து, தக்க இடத்தில் நிறுத்தி, உதவியை நாடுக.

காயில் ஏன் கெடுகிறது? முதற் காரணம், மாற்றப்படாத பிளக். தேயத் தேய அதன் முனைகளுக்கிடையே இடைவெளி அகல்கிறது. அதைத் தாண்டுவதற்குக் காயில் ஓயாமல் மிகுதியாக உழைக்கிறது. இறுதியில் அதன் உட்காப்பு உடைகிறது. நண்பரின் வண்டி 80,000 கிலோமீட்டர் ஓடியும் பிளக்குகள் ஒருமுறையேனும் மாற்றப்படவில்லை. சாதாரண பிளக்குகளைவிட இரிடியம் பிளக்குகள் நெடுநாள் உழைக்கும். எத்தனை கிலோமீட்டரில் மாற்றுவது என்பதை வண்டியோடு வந்த கையேட்டில் பார்த்துக்கொள்வதே முறை.

இரண்டாவது எண்ணெய். மேல்மூடியின் கேஸ்கட் தளர்ந்தால் எண்ணெய் பிளக் குழிக்குள் கசிந்து, காயிலின் ரப்பர் உறையை ஊறச்செய்து கெடுக்கும். கேஸ்கட்டை மாற்றாமல் காயிலை மட்டும் மாற்றினால் புதியதும் பழுதாகும். மூன்றாவது தண்ணீர். பானெட்டைத் திறந்து எஞ்சின்மீது வேகமாக நீரைப் பாய்ச்சிக் கழுவுவது வேண்டாத வேலை.

காயிலைக் கழற்ற நேர்ந்தால், எஞ்சின் நன்கு ஆறியபின், சாவியை அணைத்துவிட்டே தொடவேண்டும். ஓடும் எஞ்சினில் காயிலைப் பிடுங்கிச் சோதிப்பது உயிருக்கே ஆபத்தாகலாம். கம்பியைப் பிடித்து இழுக்காமல், இணைப்பின் பூட்டை அழுத்தி விடுவிக்க வேண்டும். பிளக்கைக் கழற்றுமுன் குழியிலுள்ள தூசியை ஊதி அகற்றுக. புதிய பிளக்கை முதலில் கையாலேயே திருகுக. முறுக்கினால் அலுமினிய மரை கெட்டுவிடும். பின்னர் கையேடு கூறும் அளவுக்கே இறுக்குக.

செலவுக்கு முன் ஓர் எளிய சோதனையும் உண்டு. ஸ்கேனர் கருவி ‘பி0302’ என்று காட்டினால் இரண்டாம் சிலிண்டரில் குறை என்று பொருள். அதன் காயிலை மூன்றாம் சிலிண்டரின் காயிலோடு இடம் மாற்றி, பழைய குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். குறியீடு ‘பி0303’ என மாறினால் குற்றம் காயிலுடையது. மாறாவிட்டால் பிளக், இன்ஜெக்டர் முதலியவற்றை ஆராய வேண்டும். சோதிக்காமலே “நான்கையும் மாற்றிவிடுவோம்” என்போரிடம், இச்சோதனையைச் செய்துகாட்டுமாறு பணிவுடன் கேட்பதில் தவறில்லை.

நண்பர் இப்போது பிளக் மாற்றிய நாளையும் கிலோமீட்டரையும் ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி வண்டியிலேயே வைத்திருக்கிறார். அவர் பெரும் பணம் கொடுத்துக் கற்றதை நாம் செலவின்றிக் கற்றுக்கொள்வோம். அடுத்த பயணத்துக்கு முன் நம் வண்டியின் கையேட்டை ஒருமுறை திறந்து பார்ப்போமாக.