நாயின் நாவும் அட்டைக்கடிப் புண்ணும்

போடிநாயக்கனூரிலிருந்து விடியுமுன் ஜீப்பேறி, போடிமெட்டு கடந்து பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குச் சென்று பொழுது சாயத் திரும்புகின்ற தொழிலாளிகள், மழைக்காலமானால் காலெல்லாம் அட்டைக்கடியோடுதான் வீடு சேர்கிறார்கள். ஏலச்செடி தலையில் காய்ப்பதன்று. அடித்தூரிலிருந்து கிளைத்துத் தரையோடு படரும் சரங்களில் காய்ப்பது. ஆதலால் ஈரச் சருகில் குந்தியிருந்தே காய் எடுக்க வேண்டியிருக்கிறது. அட்டையின் எச்சிலிலுள்ள ஹிருடின் போன்ற வஸ்து இரத்தத்தை உறையவொட்டாமல் தடுப்பதால், அட்டை விழுந்த பின்னும் கடிவாய் வெகுநேரம் கசிந்துகொண்டேயிருக்கும். அதை ஒரு நாய் வந்து நக்கும்போது, "நக்கட்டும், நாய் நாக்குப் பட்டால் புண் ஆறிவிடும்" என்று காலை நீட்டிக் கொடுப்பாரும் உண்டு. அவர்கள் சொல்லும் காரணங்களைத்தான் இங்கே பரிசீலிக்க வேண்டும்.

நாய் தன் புண்ணைத் தானே நக்கி ஆற்றிக்கொள்கிறது, எனவே அதன் நாவில் மருந்துண்டு என்பது முதற்காரணம். இது முழுப் பொய்யன்று. ஆகையினாலேதான் இத்தனை காலம் நிலைத்தது. கிரேக்க நாட்டு எபிதாரஸ் ஆலயத்தில், நாய் நக்கியதால் நோய் தீர்ந்ததென்று கல்வெட்டே பொறித்திருக்கிறார்கள். நாயின் எச்சிலில் சில கிருமிகளைக் கொல்லும் சக்தி சிறிது உண்டென்பதை 1990-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர் சோதனையால் காட்டினர். ஆனால் புண்ணைச் சீழ்பிடிக்கச் செய்வதில் முதன்மையான ஸ்டஃபிலோகாக்கஸ் இனத்துக் கிருமியிடம் அந்தச் சக்தி ஏறக்குறையப் பலிக்கவில்லை என்பதும் அதே சோதனையின் முடிவு. அன்றியும், நாய் தன்னை நக்குவதெல்லாம் சிகிச்சையுமன்று: உண்ணி, தெள்ளுப்பூச்சி, தோல் அரிப்பு, சில சமயம் வெறும் சலிப்பு ஆகியவற்றாலும் அது முன்னங்காலை ஓயாது நக்கி, இல்லாத புண்ணை உண்டாக்கிக்கொள்வதுண்டு. கால்நடை மருத்துவர் தையலிட்ட நாயின் கழுத்தில் புனல் போன்ற காப்பை மாட்டியனுப்புவது, அந்த நாக்குத் தையலை நெருங்காதிருக்கத்தானே!

அன்பினால் நக்குகிறது என்பது இரண்டாவது. அன்பை நான் மறுக்கவில்லை. கோம்பை நாய்க்குப் பெயர் போன ஜில்லாவில் இருந்துகொண்டு மறுக்கவும் துணிவில்லை. எனினும் ஓநாய்க் குட்டிகள், வேட்டையிலிருந்து திரும்பும் தாயின் வாயை நக்கி, அது கக்கிக் கொடுக்கும் இரையைப் பெறுகின்றன. நாய் நம் முகத்தை நாடி வருவதில் அப்பூர்வீகப் பழக்கத்தின் சுவடு உண்டு. மலையேறி உழைத்து வந்த காலில் வியர்வையுப்பும் கடிவாயில் இரத்தமும் இருக்க, அதை நக்க அன்பு ஒன்றே காரணமாக வேண்டியதுமில்லை.

கடித்தால்தான் விஷம், நக்கினால் இல்லை என்பது மூன்றாவது. உயிரைக் குடிக்கக்கூடியது இதுதான். வெறிநாய் நோயின் கிருமி பல்லில் இல்லை, எச்சிலில் இருக்கிறது. பல் அதற்கு வழி திறந்து விடுகிறது, அவ்வளவே. அட்டை முன்னமே திறந்து வைத்த வழி இருக்கும்போது பல் எதற்கு? முழுத் தோலின்மேல் நாய் நக்கினால் கழுவுவதே போதுமென்று கூறும் உலக சுகாதார நிறுவனம், கீறிய தோலையோ கண், வாய் முதலிய ஈரச் சவ்வுகளையோ நோய்ச் சந்தேகமுள்ள நாய் நக்கியிருந்தால், அதை ஆழக் கடித்த காயத்தோடு சேர்த்து மூன்றாம் வகையில் வைத்திருக்கிறது.

நம் வீட்டு நாய்க்கு ஏது வெறி என்பார்க்கும் சொல்லவேண்டும்: குறிகள் தோன்றுவதற்குச் சில தினங்கள் முன்னதாகவே கிருமி எச்சிலில் வந்துவிடக் கூடும், நக்கிய நாயைப் பத்து நாள் கவனிக்கச் சொல்வது இதனால்தான். கவனிக்கும் பத்து நாளும் சிகிச்சை காத்திருக்கலாகாது.

தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பயமும் இன்று காலங்கடந்தது. 1907-இல் குன்னூரில் தோன்றிய பாஸ்டர் நிலையம் நெடுங்காலம் ஆட்டு மூளையிலிருந்து தயாரித்துவந்த அந்த ஊசிமருந்து கைவிடப்பட்டுவிட்டது. இப்போது தோளில், தோலுக்குள் செலுத்தும் ஊசிக்கு, முதல் நாளிலிருந்து கணக்கிட்டு 0, 3, 7, 28 என நான்கு வரவுகளே. மூன்றாம் வகைக் காயமானால் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தையும் காயத்தைச் சுற்றிச் செலுத்துவார்கள். நோயின் குறிகள் கண்டபின் பிழைத்தவர் உலகிலேயே மிக அரியர். ஆகவே அட்டைக்கடியை நாய் நக்கிவிட்டால், சுண்ணாம்பும் மஞ்சளும் தேடாமல், சோப்பிட்டு ஓடும் நீரில் கால்மணி நேரம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.