அந்த இரைச்சலை அழிக்காதீர்கள்

பாடகர் தேவேந்திர பான்ஹார்ட்டின் முதல் ஆல்பத்தை ஹெட்போனில் கேளுங்கள். பாட்டுக்கு முன்னால் காதில் விழுவது நாடா ஓடுகிற உஸ்ஸென்ற சத்தம். அதற்குப் பின்னால்தான் கிட்டார் வருகிறது. பிறகு, பயந்த குழந்தையும் கிழவியும் ஒன்றாகப் பாடுவதுபோல நடுங்குகிற ஒரு குரல்.

அமெரிக்காவின் டெக்சாஸில் பிறந்து, வெனிசுவேலாவின் கராகஸில் வளர்ந்தவர் அவர். ‘தேவேந்திர’ என்ற பெயர், அவருடைய பெற்றோர் பின்பற்றிய குரு பிரேம் ராவத் வைத்தது. ஸ்டுடியோவுக்குக் காசில்லாத இருபது வயதில், இரவல் வாங்கிய ஃபோர் டிராக் ரெக்கார்டரில் பாடிப் பாடிச் சேர்த்தார். அதுவும் கையில் இல்லாதபோது நண்பர் வீட்டு ஆன்சரிங் மெஷினுக்குப் போன் போட்டுப் பாடி வைத்தார். ஸ்வான்ஸ் இசைக்குழுவை நடத்திய மைக்கேல் கிரா அந்தப் பதிவுகளைக் கேட்டார். மறுபடி பாட வைக்காமல், இரைச்சலோடே 2002இல் தன்னுடைய யங் காட் நிறுவனத்தில் வெளியிட்டார். மொத்தம் 22 பாடல்கள். கிரா எடுத்த அந்த முடிவுக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

இந்த வகையை சைகடெலிக் ஃபோக் என்கிறார்கள். கனவும் மயக்கமும் கலந்த நாட்டுப்பாட்டு என்று வைத்துக்கொள்ளலாம். அந்த மயக்கம் எங்கிருந்து வருகிறது? 1966இல் லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவில் கென் டவுன்செண்ட் என்ற பொறியாளர், ஒரே குரலை இரண்டாக்கிக் காட்ட ஒரு வழி கண்டுபிடித்தார். பீட்டில்ஸ் ஒரே வரியை இரண்டு தடவை பாட வேண்டிய வேலை மிச்சமானது. வீட்டில் நாடாவில் பதிகிறவருக்கு அந்த வசதி கிடையாது. அவர் நிஜமாகவே இரண்டு தடவை பாடுகிறார். இரண்டாவது குரல் முதல் குரலோடு சரியாகப் பொருந்துவதில்லை. ஓர் இடத்தில் அரை மூச்சு முந்தும், இன்னோர் இடத்தில் பிந்தும். அந்த இடுக்கில்தான் நமக்குக் கிறுகிறுக்கிறது.

சாதாரண கேசட் நாடாவின் அகலம் 4 மில்லிமீட்டர்கூட இல்லை. அதையும் நான்கு தடமாகப் பிரித்துக்கொள்கிறது ஃபோர் டிராக் கேசட் ரெக்கார்டர். நான்கும் போதாவிட்டால் மூன்று தடங்களை நான்காவதில் கலந்து இறக்கிவிட்டு, காலியான மூன்றில் மேற்கொண்டு பாடுவார்கள். ஒவ்வொரு தடவை கலக்கும்போதும் இரைச்சல் ஒரு படி ஏறும். அந்த இரைச்சல், பாட்டு எத்தனை கை மாறிப் பிறந்தது என்பதற்கான தடயம்.

ஜெர்மனியின் பாடகி சிபில்லெ பையர் 1970க்கும் 1973க்கும் இடையில் வீட்டில் ரீல் ரெக்கார்டரில் பாடி வைத்தவை முப்பது வருடம் சும்மா கிடந்தன. மகன் ராபி அவற்றைக் குடும்பத்தாருக்குப் பரிசாகக் கொடுக்க சிடியில் தொகுத்தார். ஒரு பிரதி டைனோசர் ஜூனியர் ராக் இசைக்குழுவின் ஜே மாஸ்கிஸ் கைக்குப் போய், அங்கிருந்து ஆரஞ்சு ட்வின் நிறுவனத்துக்குப் போய், 2006இல் ‘கலர் கிரீன்’ ஆல்பமாக வந்தது. பக்கத்து அறையில் யாரோ தூங்குவதுபோல அத்தனை தணிந்த குரல் அது. அந்த அறையைத் துடைத்து எடுத்துவிட்டால் குரலுக்கு நிற்க இடம் இருக்காது.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் என் வீட்டிலேயே இருக்கிறது. 1987இல், துபாயிலிருந்து மாமா கொண்டுவந்த டேப்ரெக்கார்டரில் அம்மா ஒரு தாலாட்டுப் பாடினாள். பதிவு செய்தது நான்தான். போன வருடம் அந்தக் கேசட்டை டிஜிட்டலாக மாற்றக் கொடுத்தேன். “சார், சுத்தமா கிளீன் பண்ணிட்டோம்” என்று பென்டிரைவில் போட்டுத் தந்தார்கள். கேட்டேன். ‘ச’ வருகிற இடமெல்லாம் மழுங்கியிருந்தது. நாடா இரைச்சல் இருக்கிற அதே உயர்ந்த அலைவரிசையில்தான் ‘ச’வும் மூச்சும் இருக்கின்றன. கணினி நிரல் ஒன்றை அரிக்கும்போது மற்றதையும் சேர்த்தே அரித்திருக்கிறது. பாடலுக்கு நடுவே அம்மா மூச்சு இழுப்பாள், அது இல்லை. பின்னால் ஓடிக்கொண்டிருந்த கிணற்று மோட்டார் இல்லை.

பழைய கேசட்டுகளை மாற்றக் கொடுக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: எதையும் தொடாத ஒரு நகலை முதலில் கேட்டு வாங்குங்கள். எம்பி3யாக வேண்டாம், வேவ் கோப்பாகவே வாங்குங்கள். சுத்தம் செய்வதெல்லாம் அதற்கு அப்புறம், வேறொரு நகலில். பழைய வீட்டுப் பதிவுகளை மறுவெளியீடு செய்கிற நிறுவனங்களும் மூல நாடாவின் ஒலியை அப்படியே ஒரு பதிப்பாகத் தர வேண்டும்.

அம்மாவின் மூலக் கேசட் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. நாடாவில் அங்கங்கே வெள்ளைப் பூஞ்சை. அதில் மோட்டார் நிற்கிறது, அம்மா “தண்ணி ரொம்பிருச்சு போல” என்கிறாள், பாட்டு முடிகிறது. பென்டிரைவில் இருக்கும் பாட்டு ஏன் பாதியில் நிற்கிறது என்று பேத்தி கேட்கிறாள்.