மடியில் கனம்

2023ஆம் ஆண்டு ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், எங்கள் தெருவில் குடியிருக்கும் அண்ணாச்சி என்னைத் தேடி வந்தார். "தம்பி, நாளைக்குக் காலேஜ் லீவுதானே? பெரியமேடு வரைக்கும் என்கூட வாரியளா? இடுப்புல மாட்டுத மாதிரி ஒரு கவர் தைக்கக் கொடுக்கணும்" என்றார். எதற்கான கவர் என்று கேட்டேன். ரிவால்வருக்கு என்றார். குடைக்கு உறை தைப்பதைப் பற்றிப் பேசும் குரலில்தான் அதைச் சொன்னார்.

அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நாற்பது ஆண்டுகளுக்கு முன் அம்பத்தூருக்கு வந்து, தொழிற்பேட்டையில் ஒரு லேத்துப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து, பின்னர் சொந்தப் பட்டறை வைத்தவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவரிடம் முப்பது பேர் வேலை பார்த்தார்கள். சனிக்கிழமைதோறும் வங்கியில் கூலிப்பணத்தை எடுத்து, மஞ்சள் பையில் சுற்றி, ஸ்கூட்டரின் முன்பெட்டியில் வைத்துக்கொண்டு வருவார். ஒருமுறை இரண்டு பேர் பின்தொடர்ந்து வந்ததாகச் சந்தேகப்பட்டு உரிமத்துக்கு விண்ணப்பித்தார். கான்பூரில் உள்ள அரசுச் சிறுபடைக்கலத் தொழிற்சாலையில் செய்த, .32 அளவுள்ள, ஆறு குண்டு கொள்ளும் ரிவால்வர். எடை ஏறத்தாழ 700 கிராம். இத்தனை ஆண்டுகளில் எந்த உயிரை நோக்கியும் அது வெடித்ததில்லை.

இன்று அவர் பட்டறையில் கூலி என்பது கைபேசியில் இரண்டு தட்டு. சம்பளம் வங்கிக் கணக்குக்குள் போய்விட்டது. துப்பாக்கி மட்டும் அவரோடு தங்கிவிட்டது. இதுவரை கைப்பையில் வைத்திருந்தவர், பையை எங்கேயாவது மறந்து வைத்துவிடுவோமோ என்ற அச்சத்தில் இடுப்புக்கு மாற்ற முடிவு செய்திருந்தார். அவருடைய நிபந்தனைகள் இரண்டே: உறுத்தக்கூடாது, வெளியில் தெரியக்கூடாது.

பெரியமேட்டில் நாங்கள் கண்ட கைவினைஞர் காவலர்களுக்கும் காவலாளிகளுக்கும் தோல்வார் தைத்துப் பழகியவர். துப்பாக்கியைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. அதன் வகையைக் கேட்டுக்கொண்டு, அதே அளவில் மரத்தில் செதுக்கிய அச்சு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். அந்த ஒரு மணி நேரத்தில் நான் கற்றுக்கொண்டவை பல. உறை விசையையும் அதன் காப்பு வளையத்தையும் முழுக்க மூடவேண்டும். சட்டை நுனியோ விரலோ உள்ளே போக இடம் இருக்கக்கூடாது. துப்பாக்கியை எடுத்த பிறகும் உறையின் வாய் விறைப்பாகத் திறந்தே நிற்கவேண்டும். மலிவான நைலான் உறைகள் இந்த இடத்தில்தான் தோற்கின்றன. வாய் சுருங்கிப்போவதால் திரும்ப வைக்கும்போது விசையில் துணி சிக்கலாம். எடையைத் தாங்குவது உறையன்று, இடைவார். அலுவலகத்துக்குக் கட்டும் மெல்லிய வார் 700 கிராமில் தொய்ந்து கவிழ்ந்துவிடும். இரண்டு தோலை ஒட்டித் தைத்த, ஒன்றரை அங்குல அகலமுள்ள வார் வேண்டும். உறையின் காதுகள் அந்த அகலத்துக்குச் சரியாக இருக்கவேண்டும், அல்லாவிட்டால் நடக்க நடக்க ஆடும்.

ரிவால்வரில் மறைப்பதற்குக் கடினமான பகுதி நடுவில் புடைத்திருக்கும் சுழல் உருளை என்று நான் நினைத்திருந்தேன். அவர் தலையசைத்து மறுத்தார். காட்டிக்கொடுப்பது கைப்பிடிதான். குழல் கீழ்நோக்கிக் கால்சட்டையோடு ஒட்டிவிடும். கைப்பிடியோ சட்டையைக் கூடாரம்போலத் தூக்கிக் காட்டும். ஆகவே, இடுப்பெலும்புக்குச் சற்றுப் பின்னால் உள்ள பள்ளத்தில், கைப்பிடி முன்சாயும்படி உறையைத் தைக்கவேண்டும். நடு முதுகில் வைக்கலாகாது. வழுக்கி விழுந்தால் முதுகெலும்புக்குக் கேடு. கால்சட்டைக்கு உள்ளே செருகும் வகை நன்றாக மறையும். ஆனால் கால்சட்டையை இரண்டு அங்குலம் பெரிதாகத் தைக்கவேண்டும், நம் ஊர் வெயிலில் வியர்வையும் நேராக இரும்பில் இறங்கும். அண்ணாச்சியின் வயிற்றையும் வயதையும் பார்த்து, வாருக்கு வெளியே மாட்டி, மேலே தொளதொளத்த சட்டையை விட்டுக்கொள்ளும் வகையே தகும் என்று முடிவாயிற்று.

தோலைப் பற்றியும் சொன்னார். மரப்பட்டையில் பதனிட்ட தோல்தான் அச்சில் நனைத்து அழுத்தினால் வடிவத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலுக்குச் சென்னை ஒருகாலத்தில் கடல்கடந்து பெயர்பெற்றிருந்ததை வாசகர்கள் அறிவார்கள். ஆனால் தோல் ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும். இரவில் துப்பாக்கியை உறையிலேயே விட்டுவைத்தால் துருவேறும். இரண்டையும் தனித்தனியே வைக்கவேண்டும்.

இறுதியாக ஒரு சிறு வழக்கு. துப்பாக்கியின் மேல் குறுக்காக வந்து அழுத்துபொத்தானில் மாட்டும் பட்டி வேண்டாம் என்றார் அண்ணாச்சி. மாதிரிக்குக் காட்டிய உறையில் அந்தப் பொத்தான் கட்டைவிரல் நோகும் அளவுக்கு இறுக்கமாக இருந்தது. "அவசரத்துக்குக் கைக்கு வராதே" என்பது அவர் கவலை. கைவினைஞர் மறுத்துவிட்டார். "பட்டி இல்லாம தர்றதில்ல சார். புதுசுல டைட்டாத்தான் இருக்கும். லூசாகிறது அதுவா ஆகும்."

*

திரும்பி வரும் மின்வண்டியில் அந்தச் சொல்லைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். கடைகளில் ஹோல்ஸ்டர், அண்ணாச்சிக்குக் கவர், எனக்கு உறை. தமிழில் உறை என்பது மூடுவது. உறைதல் என்பது தங்குதல். பால் தயிராவதும் உறைதல்தான். வாளுக்கு உறை என்று பெயரிட்டவர்கள், அது படைக்கலம் தங்கவேண்டிய இடம் என்பதையும் சேர்த்தே நினைத்திருப்பார்களோ என்று எண்ணிக்கொள்வதில் எனக்கு ஒரு நிறைவு. இதைச் சொற்பிறப்பு என்று யாரும் எடுத்துக்கொள்ளவேண்டாம்.

படைக்கலத்தை மறைப்பதைப் பற்றி நம் இலக்கியம் நல்லெண்ணத்தோடு பேசியதில்லை. கூடாநட்பு அதிகாரத்தில் வள்ளுவர், பகைவர் கும்பிடும் கைக்குள்ளும் படை ஒளிந்திருக்கும் என்று எச்சரிக்கிறார். பெரியபுராணத்தில் முத்தநாதன் ஏட்டுக்கட்டுக்குள் உடைவாளை மறைத்துக்கொண்டு, சிவனடியார் கோலத்தில் மெய்ப்பொருள் நாயனாரின் அந்தப்புரம் வரை போகிறான். நூல்களோடு பிழைப்பு நடத்தும் எனக்கு அந்தக் காட்சி எப்போதும் தனியாக வலிக்கும். உலகில் ஐயத்துக்கு மிகக் குறைவாக இடமளிக்கும் பொருள் ஏட்டுக்கட்டு, அதைத்தான் அவன் உறையாக்கினான். இந்த இரு இடங்களிலும் மறைப்பு என்பது வஞ்சகத்தின் மறுபெயர்.

நாங்கள் வாழும் இந்த மேற்குப் புறநகரும் அந்த வஞ்சகத்தை அறியாததன்று. பரங்கிமலையிலிருந்து பூவிருந்தவல்லிக்குப் போகும் சாலையை ஒட்டிய இராமாவரம் தோட்டத்தில்தான் 1967 ஜனவரி 12 அன்று, பேசுவதற்காக வந்த எம்.ஆர். ராதா எம்.ஜி.ஆரைச் சுட்டார், தன்னையும் சுட்டுக்கொண்டார். இருவரும் பிழைத்தார்கள். கழுத்தில் பாய்ந்த குண்டு எம்.ஜி.ஆரின் குரலை மாற்றிவிட்டது. பூவிருந்தவல்லியிலிருந்து அதே நெடுஞ்சாலையில் மேலும் மேற்கே போனால் திருப்பெரும்புதூர். 1991 மே 21 அன்று அங்கே, ஆடைக்குள் உடலோடு வாராகக் கட்டி மறைத்த வெடிகுண்டு, குனிந்து வணங்கும் வேளையில் வெடித்தது. ராஜீவ் காந்தியும் உடன் நின்றவர்கள் பலரும் இறந்தார்கள். அந்த வழக்கில் 26 பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்த 1998ஆம் ஆண்டுத் தீர்ப்பு வந்ததும் பூவிருந்தவல்லி தனி நீதிமன்றத்திலிருந்துதான். வள்ளுவர் சொன்ன கும்பிடும் கை எங்களுக்கு வெறும் உவமையாக மிஞ்சவில்லை.

*

அப்படியானால் அண்ணாச்சி மறைப்பதும் வஞ்சகமா? இங்கே நான் நம் புலவர்களிடமிருந்து சற்று விலகி நிற்கவேண்டியிருக்கிறது. 2016ஆம் ஆண்டுப் படைக்கல விதிகள், பொது இடத்தில் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்பவர் அதை உடலோடு பிணைத்த உறையிலோ பையிலோதான் வைத்திருக்கவேண்டும் என்கின்றன. அது முழுவதும் மூடப்பட்டிருக்கவேண்டும். வைத்திருப்பவரின் கட்டுப்பாட்டிலும் இருக்கவேண்டும். இந்த விதி சரியானது. திருமண ஊர்வலத்தில் வானை நோக்கிச் சுடுவதையும் இடுப்பில் தெரியும்படி செருகிக்கொண்டு கடைவீதியில் உலாவுவதையும் பெருமையாகக் கருதும் வழக்கம் நாட்டின் சில பகுதிகளில் உண்டு. தெரியும் துப்பாக்கி எதிரில் இருப்பவனிடம் வாய் திறக்காமலே ஒன்றைச் சொல்லிவிடுகிறது. காய்கறிக் கடையில் பேரம் பேசுகிறவர்கூட அதன் முன் குரலைத் தாழ்த்துவார். மூடி வைப்பது சக மனிதனுக்குச் செய்யும் மரியாதை.

எனக்குள்ள ஐயம் மறைப்பைப் பற்றியதன்று, சுகத்தைப் பற்றியது. கைத்துப்பாக்கி விற்பவர்களும் உறை விற்பவர்களும் உலகெங்கும் ஒரே வாக்கைச் சொல்கிறார்கள்: அணிந்திருப்பதே தெரியாது. 2014இல் கான்பூர் களப்பீரங்கித் தொழிற்சாலை பெண்களின் தற்காப்புக்கென்று 'நிர்பீக்' என்ற ரிவால்வரை வெளியிட்டபோது, அதன் எடை 500 கிராம்தான், கைப்பைக்குள் அடங்கும் என்பவைதான் முன்வைக்கப்பட்ட சிறப்புகள். விலை ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேல். தில்லிக் கொடுமைக்குப் பின் ஒரு நாடு தன் பெண்களுக்குச் சொன்ன விடை இலேசான துப்பாக்கிதானா என்று அப்போதே பலர் கேட்டார்கள். நான் கேட்பது அதனினும் சிறிய கேள்வி. கொல்லும் கருவி ஒன்று உடம்பில் இருப்பது தெரியாமலே ஒருவர் நாள் முழுதும் நடமாடுவது நல்லதுதானா?

மடியில் கனமில்லையென்றால் வழியில் பயமில்லை என்கிறோம். அந்த மடி வேட்டியின் மடிப்பு. பின்னால் அது பச்சை வாரின் பணப்பை ஆயிற்று. கனம் என்று பழமொழி சொல்வது பொன்னையும் பணத்தையும். துப்பாக்கி வைத்திருப்பவர் அந்தக் கனத்துக்குக் காவலாக இன்னொரு கனத்தை ஏற்றிக்கொள்கிறார். முதல் கனம் போன பிறகும் இரண்டாவது நின்றுவிடுகிறது. நின்றுவிட்ட அந்தக் கனம், கனமாகவே உணரப்படட்டும் என்பதே என் கட்சி. அது மற்றவருக்குத் தெரியாமல் இருக்கட்டும். அணிந்தவருக்கு மறக்காமல் இருக்கட்டும். உட்காரும்போது சற்று உறுத்தட்டும். பொத்தான் இறுகட்டும்.

இப்படிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2024 தொடக்கத்தில் ஒரு மாலை, திருவள்ளூர் நெடுஞ்சாலையில் அம்பத்தூர் அருகே நெரிசலில் ஒரு ஷேர் ஆட்டோ அண்ணாச்சியின் ஸ்கூட்டரை உரசிவிட்டது. இறங்கி வந்த இளைஞன் அவருடைய பிறப்பைப் பழித்து ஒரு சொல் சொன்னான். சுற்றிலும் கூட்டம். அடுத்த நாள் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அண்ணாச்சி தாழ்ந்த குரலில் சொன்னார்: "தம்பி, என் கை சட்டைக்குள்ள போயிட்டு. நான் போகச் சொல்லல. பட்டன் கழறல. மறுபடியும் அமுக்குதேன், கழறல. அப்பதான் நான் என்ன செய்யுதேன்னே எனக்கு வெளங்கிச்சு." கையை வெளியே எடுத்து, அந்த இளைஞனிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டு வந்திருக்கிறார். யார் மீது தவறு என்று அவனுக்கும் தெரியும். அதனால் அவன் குழம்பிப்போய் நின்றானாம்.

இரண்டு நொடி இருக்கலாம். பெரியமேட்டுக் கைவினைஞர் விட்டுக்கொடுக்க மறுத்த இரண்டு நொடி. இடைவாரில் மாட்டும் உறையைத் தேர்ந்தெடுப்பவர்கள் எவ்வளவு விரைவில் கைக்கு வரும் என்று பார்க்கிறார்கள். வேண்டாத வேளையில் எவ்வளவு தாமதிக்கும் என்றும் பார்க்கவேண்டும். அறுபது வயதுப் பட்டறை முதலாளி வாழ்வில் கொள்ளைக்காரனைச் சந்திக்கும் வாய்ப்பு அரிது. தம் சொந்தக் கோபத்தை அவர் அன்றாடம் சந்திக்கிறார்.

புறநானூற்றில் ஔவையார் தொண்டைமானின் படைக்கொட்டிலைப் பார்த்துப் பாடிய பாட்டு நம் எல்லோருக்கும் தெரியும். பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசிக் காவலில் வைத்த தொண்டைமானின் வேல்களைப் புகழ்வதுபோல இகழ்ந்து, போரில் ஒடிந்து கொல்லன் உலையில் கிடக்கும் அதியமானின் வேல்களை உயர்த்துகிறார். இருபது ஆண்டுகளாக வகுப்பில் அந்தப் பாட்டின் வஞ்சப்புகழ்ச்சியை வியந்து நடத்தி வருகிறேன். அம்பத்தூரும் ஆவடியும் பூவிருந்தவல்லியும் தொண்டைமண்டலம், நானும் தொண்டைநாட்டான். இந்த ஒரு பொருளில் ஔவையிடம் பொறுத்தருளக் கேட்டுக்கொண்டு தொண்டைமான் பக்கம் நிற்கிறேன். நெய் பூசி உறையிலேயே கிடக்கும் படைக்கலம் குடிமகன் ஒருவனுக்கு இழிவு ஆகாது.

அந்த ஆண்டு ஏப்ரலில் நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. வழக்கம்போல உரிமம் பெற்றவர்கள் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கவேண்டியிருந்தது. அண்ணாச்சியும் கொடுத்துவிட்டு ரசீதோடு வந்தார். இடுப்பு இலேசாக இருக்கிறது, ஆனால் ஸ்கூட்டரில் ஏறும்போது கை இன்னும் அங்கேயே போகிறது என்றார். தேர்தல் முடிந்து திரும்பப் பெற்றுவந்தவர் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். உறை அவர் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தனியாகத் தொங்குகிறது. சென்ற வாரம் போனபோது அதன் பொத்தானை அழுத்திப் பார்த்தேன். இன்னும் இறுக்கமாகவே இருந்தது. உரிமத்தை ஒப்படைத்துவிடலாமா என்று அவர் என்னைக் கேட்டார். என் பதிலைச் சொல்லிவிட்டேன். அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.